ஒழுகுகிற உடுப்பைப் பற்றி மச்சானுக்கு

சமையலறை மேசை,
வெயில் ஜன்னலுக்கு வந்த நேரம்.

மதிப்பும் மரியாதையும் மிக்க பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் வீட்டுக்காரன் தன் சொந்தக் கையால், யார் துணையும் இல்லாமல் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். வீடு நலம். வீட்டுக் குழாய்கள் எல்லாம் நலம், ஒன்றும் சொட்டவில்லை. உங்கள் தங்கையும் நலம்தான். அவள் அளவுக்கு மீறி நலமாக இருப்பதுதான் இந்தக் கடிதத்துக்கே காரணம். அங்கே நீங்களும் அக்காவும் நலம் என்றே வைத்துக்கொண்டு மேலே போகிறேன். கேட்டு எழுதிப் பதில் வரும்வரை காத்திருந்தால் சொல்ல வந்தது ஆறிப்போகும்.

கையெழுத்தைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம். கோழி கிளறவில்லை, நான்தான். நூலகத்து மாடியில் சாயங்கால வகுப்பில் சேர்ந்து, ஆயுசு முழுக்கக் கைநாட்டாக இருந்தவன், இந்த வயதில் எழுத்தைப் பிடித்துவிட்டேன். மெதுவாகத்தான் வருகிறது. ஒரு 'ணை' போட்டு முடிப்பதற்குள் ஒரு பழைய குழாயையே மாட்டிவிடலாம். ஆனால் போட்டு முடித்ததும் அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்காருகிறேன், மச்சான். நான் போட்டது! இதுவரை என் பேரில் உங்களுக்கு வந்ததெல்லாம் உங்கள் தங்கை எழுதியவை. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள் என்றுதான் நம்பியிருந்தேன். போன தடவை வந்தபோது நீங்கள், "ஏன் மாப்பிள்ளை, ஒவ்வொரு லெட்டர்லயும் என் அறிவுரை இல்லாம உங்களுக்குப் பொழுதே போகலைன்னு எழுதறீங்களே, எனக்கே கூச்சமா இருக்கு" என்றீர்களே, அந்த நிமிஷமே முடிவு செய்தேன், படித்தே தீருவது என்று. நீங்கள் தலைமையாசிரியராக இருந்தவர். பிழைகளைச் சிவப்பு மையில் சுழித்து அனுப்பினால் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் சுழித்து முடித்த பிறகு விஷயத்தையும் ஒருமுறை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். விஷயம் என்னவென்றால், நீங்கள் உடனே புறப்பட்டு வந்து உங்கள் தங்கையைக் கண்டிக்க வேண்டும்.

உங்களுக்கே தெரியும், அவள் முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டர். ஓய்வு வாங்கியதும், "முழங்கால் விட்டுப் போச்சுங்க, இனிமே உட்கார்ந்துக்கப் போறேன்" என்றாள். உட்காரவும் செய்தாள். ஒரு வாரம் உட்கார்ந்தாள். அப்புறம் காற்று வாங்கக் கடற்கரைக்குப் போனவள், அங்கே அலைமேல் பலகையைப் போட்டு அதன்மேல் நிற்கச் சொல்லித் தருகிற ஒருத்தரைப் பார்த்துவிட்டாள். பலகை வாத்தியார் என்பது ஊர் வைத்த பெயர். சின்னவர்கள் பலர் ஏறுவதும் விழுவதும் உப்புத்தண்ணீர் குடிப்பதுமாக இருந்திருக்கிறார்கள். இவள் சும்மா இருக்கக்கூடாதா? "இதுக்கா இந்த அமர்க்களம்? ஆபீஸ் நேரத்துக் கூட்டத்துல கம்பியைத் தொடாம நின்னு சில்லறை கொடுத்தவங்க நாங்க" என்றாளாம். அவர் விளையாட்டாக, "அப்போ ஏறிப் பாருங்கம்மா" என்றாராம். ஏறினாள். முதல் நாளே நின்றாள். கரை தட்டியதும் வாயில் விரலை வைத்து விசிலும் அடித்தாள். அன்றிலிருந்து அங்கே அவள் பேர் கண்டக்டரம்மா. அவள் கடலுக்குள் நின்று, "வழியை மறிக்காதீங்க, உள்ள போங்க, உள்ள போங்க" என்று போடுகிற சத்தம் கரைவரைக்கும் கேட்கிறது. எல்லோரும் உள்ளே போகிறார்கள். அலைகூடத் தயங்கித்தான் வருகிறது.

இதில் என் பங்கு, தினமும் காலையில் கரையில் நிற்பது. ஒரு கையில் டீ பிளாஸ்க், மறு கையில் குளித்தால் துவட்டுகிற நம் பழைய மஞ்சள் துண்டு. நிற்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனால் நான் தண்ணீரை நம்புகிற ஆள் இல்லை, மச்சான். குழாய் வேலை பார்த்தே கிழவனானவன். மயிரிழை ஓட்டை கிடைத்தால் போதும், அது ஒரு மாடி வீட்டையே நனைத்துவிடும். அப்படிப்பட்ட தண்ணீர் இங்கே கண்ணுக்கு எட்டிய மட்டும் திறந்து கிடக்கிறது, ஒரு மூடி இல்லை, அடைக்க ஒரு வால்வு இல்லை. அதற்குள் பெண்டாட்டியை அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்து எழுத்துக் கூட்ட முடியுமா? வெயில் காலத்தில் பரவாயில்லை, அவளுடைய சிவப்பு ஜாக்கெட்டை வைத்து அடையாளம் பிடித்துவிடுவேன். குளிர் வந்ததும் எல்லோரும் கழுத்து முதல் கணுக்கால் வரை கறுப்பு ரப்பர் உடுப்பு, வெட்சூட் என்கிறார்கள், அதை மாட்டிக்கொண்டார்கள். வாத்தியார் தன் பழைய உடுப்பு ஒன்றை இவளுக்கு இரவல் கொடுத்தார். அவ்வளவுதான், தண்ணீரில் மிதக்கிற தலையெல்லாம் ஒன்றுபோல ஆகிவிட்டது. ஒரு நாள் காலையில் எது அவள் என்றே எனக்குத் தெரியவில்லை. கரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் துண்டை ஆட்டிக்கொண்டு ஓடினேன். பிளாஸ்க் மூடி கழன்று டீ முழுக்கக் கால்மேல் கொட்டியது. கடைசியில் ஒரு கறுப்பு உருவம் கரையேறவும், உயிர் வந்து, ஓடிப்போய்த் துண்டைப் போர்த்தினேன். அது மீசை வைத்த ஆள். அவரும் நன்றாகத் துடைத்துக்கொண்டு நன்றி சொன்னார். உங்கள் தங்கை வெகுதூரம் தள்ளிக் கரையேறி, "எங்கேங்க போனீங்க?" என்று என்னைக் கேட்டாள். எங்கே போனேனாம், நான்!

இந்தச் சமயத்தில் பலகை வாத்தியார், "கண்டக்டரம்மா, என் பழைய உடுப்பு உங்களுக்குத் தொளதொளன்னு இருக்கு, முதுகுல தண்ணி பாயுது. இந்தக் குளிருக்குச் சரியா வராது. சொந்தமா ஒண்ணு வாங்குங்க, இல்லைன்னா வெயில் வந்த பிறகு வாங்க" என்று சொல்லிவிட்டார். நான் மனதுக்குள் அவர் வாய்க்குச் சர்க்கரை போட்டேன். ஆனால் உங்கள் தங்கை வீட்டுக்கு வந்து என்ன சொன்னாள் தெரியுமா? "நீங்கதான் இப்போ படிச்சவராச்சே. கடைக்குப் போய் லேபிள் எல்லாம் படிச்சு, கதகதப்பா, வளையற மாதிரி, காசுக்கு ஏத்த மாதிரி ஒண்ணு பார்த்து வாங்கிட்டு வாங்க." இப்படி ஒரு பொறுப்பை என் வாழ்க்கையில் யாரும் எனக்குத் தந்ததில்லை. பெருமையாக இருந்தது. அதே சமயம் மண்டைக்குள் ஒரு யோசனையும் முளைத்தது. உங்களிடம் மறைப்பானேன். கதகதப்பாக வாங்குவோம், குறையே வைக்க வேண்டாம். வளைவதை மட்டும் விட்டுவிடுவோம். கையைத் தூக்க முடியாவிட்டால் பலகையில் படுத்துக் கையால் துடுப்புப் போடுவது எப்படி? துடுப்புப் போடாவிட்டால் உள்ளே போவது எப்படி? அவள் குளிராமல் கரையோரத்தில் நிற்பாள், நான் பார்த்துக்கொண்டே டீ ஊற்றிக் கொடுப்பேன்.

கடைக்குப் போனேன். சுவர் முழுக்கக் கறுப்பு உடுப்புகள் தலையில்லாமல் தொங்கின. நான் ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டிப் படித்தேன். 4/3 என்று போட்டிருந்தது. பின்னம் என்று தெரிந்தது, ஆனால் எங்கள் வகுப்பில் இன்னும் பின்னத்துக்கு வரவில்லை. கடைக்காரம்மா, மூக்கின்மேல் கண்ணாடி வைத்த அமைதியான மனுஷி, வந்து விளக்கினார். மார்புக்கும் முதுகுக்கும் நாலு மில்லிமீட்டர் கனத்தில் ரப்பர், கைகாலுக்கு மூணு மில்லி. உடம்பு சூடாக இருக்க வேண்டும், கைகால் ஆட வேண்டும், அதற்குத்தான் அந்தக் கணக்கு.

"யாருக்குங்க ஐயா?"

"வீட்டுல அவங்களுக்கு."

"அவங்க அளவு?"

"என் அளவுதான். என் ஸ்வெட்டர் எல்லாம் அவகிட்டதான் இருக்கு."

"அப்போ நீங்களே போட்டுப் பாருங்க. கையைக் காலைக் கசக்கிப் பார்த்தா தெரியாது இது. உள்ள போனாத்தான் தெரியும்."

உள்ளே போனேன், மச்சான். ஜெயிலுக்குப் போய் வருவது சுலபம் என்று நினைக்கிறேன். ஒரு காலை நுழைக்கவே மூச்சு வாங்கியது, இன்னொரு காலுக்கு உட்கார்ந்து, படுத்து, சுவரில் முட்டுக்கொடுத்து இழுக்க வேண்டியிருந்தது. ஒருவழியாகச் சட்டை போடுகிற மாதிரி முன்பக்கம் ஜிப்பைத் தேடிப் பிடித்துக் கழுத்துவரை ஏற்றிக்கொண்டு வெளியே வந்தேன். கடைக்காரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஐயா, ஜிப் முதுகுப் பக்கம் வரணும். இப்போ உங்க முழங்கால் பின்னாடி மடங்கற மாதிரி தைச்சிருக்கு." மறுபடி உள்ளே போனேன். மறுபடி வந்தேன். முதுகில் ஒரு நீள வார் தொங்கியது. அதைத் தலைக்கு மேலே பிடித்து இழுத்தால் ஜிப் தானாக ஏறுகிறது. நல்ல கண்டுபிடிப்பு. "கையைத் தூக்குங்க, குந்துங்க, எந்திரிங்க" என்றார். குந்தினேன், எழுந்தேன். நாலு மில்லி சரக்கு தோல் மாதிரி கூடவே வந்தது. இது ஆகாது என்று முடிவு செய்தேன். மூலையில் தள்ளுபடிக் குவியலில் ஐந்து மில்லியில் ஒன்று கிடந்தது. லாரி டயருக்குக் கை வைத்த மாதிரி. அதை எடுத்தேன்.

"ஐயா, அது சூடா இருக்கும், மலிவாவும் இருக்கும். ஆனா கையைத் தோளுக்கு மேல தூக்க முடியாது."

"தூக்க முடியாதா?" என்று முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு கேட்டேன். "பரவாயில்லை, கட்டுங்க."

"தையல் வழியா தண்ணியும் கொஞ்சம் கூடவே வரும்."

இங்கேதான் தொழில் புத்தி குறுக்கே வந்தது. "தண்ணி வருமா? அப்போ இது ஒழுகற சரக்கா?"

"எல்லாமே கொஞ்சம் விடும்ங்க. உள்ள வந்த தண்ணியை உடம்பு சூடாக்கும், அந்தச் சூட்டுத் தண்ணிதான் குளிரைத் தாங்கும். பழைய தண்ணி தங்கணும், புதுத் தண்ணி பாயக்கூடாது. அதான் சூட்சுமம்."

எனக்கு ஒரு வார்த்தை ஏறவில்லை. தண்ணீர் வந்தால் ஒழுகல், ஒழுகினால் அடைக்க வேண்டும். இதில் நல்ல ஒழுகல் கெட்ட ஒழுகல் என்று ஒன்று உண்டா?

வீட்டுக்கு வந்தேன். உங்கள் தங்கை சந்தைக்குப் போயிருந்தாள். அவளைக் கரையோடு நிறுத்துகிற உடுப்பாக இருக்கலாம், அதற்காக ஒழுகுகிற உடுப்பை ஒரு குழாய்க்காரன் தன் பெண்டாட்டிக்குக் கொடுத்தான் என்று பேர் வரலாமா? குளியலறையில் மாட்டிக்கொண்டு ஷவரைத் திறந்தேன். கழுத்தில் வந்தது, அக்குளில் வந்தது, ஜிப் வழியாக முதுகுத்தண்டில் ஐஸ் மாதிரி இறங்கியது. எனக்கு வெறி பிடித்துவிட்டது. பழைய வேலைப் பெட்டியைத் திறந்தேன். உடுப்பைக் கழற்றித் தையல் முழுக்கவும் ஜிப்பின் பல்லுக்குப் பல்லும் ரப்பர் சொல்யூஷன். மறுபடி மாட்டிக்கொண்டு, மணிக்கட்டிலும் கணுக்காலிலும் சொல்யூஷன் போட்டு, மேலே வெள்ளை டேப் இறுக்கிச் சுற்று. ஜிப் வாரைத் தோள்மேல் போட்டு முன்னால் ஒரே இழு. கழுத்தில் கடைசியாக ஒரு சுற்று. காய்கிறவரை நின்று, மறுபடி ஷவரைத் திறந்தேன். ஒரு சொட்டு வரவில்லை! நான் பார்த்த வேலையிலேயே இதுதான் சுத்தமான வேலை என்று சொல்வேன். துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டு, உடுப்பைக் கழற்றலாம் என்று வாரைக் கீழே இழுத்தேன்.

மிச்சத்தை நீங்களே ஊகித்துவிட்டீர்கள், படித்தவர். ஜிப் அசையவில்லை. எந்தப் பக்கத்திலிருந்தும் வழியில்லை. தண்ணீர் உள்ளே வராதபடி அடைத்தவன், மனுஷன் வெளியே வராதபடியும் அடைத்துவிட்டேன். உட்காரலாம் என்றால் ஐந்து மில்லி வளையாது. ஃபிரிட்ஜில் சாய்ந்து நின்றேன். கதகதப்பு என்றால் அப்படி ஒரு கதகதப்பு, அதில் குறை சொல்ல முடியாது. கொஞ்ச நேரத்தில் வியர்வை கணுக்காலில் சேர்ந்து, நான் அசைந்தால் உள்ளே சளக் சளக் என்று சத்தம் கேட்டது. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு குழாயின் நிலைமை எனக்குப் புரிந்தது.

உங்கள் தங்கை காய்கறிப் பையோடு உள்ளே வந்தாள். என்னைப் பார்த்தாள். பையை மேசைமேல் வைத்தாள். தக்காளியை எடுத்துக் கூடையில் போட்டாள். எல்லாம் முடிந்த பிறகுதான் கேட்டாள்:

"இது யாருக்கு வாங்கினது?"

"உனக்குத்தான்."

"அப்போ நீங்க எதுக்கு ஏறினீங்க?"

"சோதிச்சுப் பார்க்கலாம்னு."

"சரி, இறங்குங்க."

"இறங்க முடியலையே."

அவ்வளவுதான். சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள், அப்படிச் சிரித்தாள். முழங்கால் வலி என்கிற பேச்சே இல்லை. கத்தரிக்கோலை எடுத்தாள். நான் விடவில்லை, தள்ளுபடிச் சரக்கு, திருப்பி எடுக்கமாட்டார்கள். "அப்போ வாத்தியார்கிட்டதான் போகணும்" என்று என் கையைப் பிடித்துத் தெருவில் கூட்டிக்கொண்டு போனாள். கை இரண்டும் பக்கவாட்டில் விறைத்து, கால் மடங்காமல், சளக் சளக் என்று நான் நடக்க, முடிவெட்டுகிறவர் கடையிலிருந்து பாதி முடி வெட்டிய ஆள்கூட எழுந்து வந்து பார்த்தார். யாரோ, "கண்டக்டரம்மா, இது எந்த வண்டி?" என்று கேட்டதற்கு, "பழுது வண்டி, டிப்போவுக்குப் போகுது" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். மஞ்சள் துண்டை மட்டும் நான் விடவில்லை. கரைக் கம்பியில், வழக்கமாக நான் நிற்கிற இடத்தில், அவளே வாங்கிக் கட்டினாள்.

பலகை வாத்தியார் என்னைச் சுற்றி வந்து பார்த்தார். ரொம்ப மரியாதையாக, "அண்ணே, நல்ல வேலைப்பாடு" என்றார். "தண்ணியில கொஞ்சம் ஊறினா பசை இளகுதான்னு பார்ப்போம், இல்லைன்னா தையலோட பிரிச்சுடலாம்." தண்ணியில என்றால் கடலில். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் ஒரு பக்கம் அவரும் ஒரு பக்கம் உங்கள் தங்கையும் பிடித்து இறக்கிவிட்டார்கள். மச்சான், நான் மூழ்கவில்லை. மூழ்க முடியவில்லை. காற்றோடு அடைத்து வைத்த காலிப் புட்டி மாதிரி மல்லாக்க மிதந்தேன். உங்கள் தங்கை என்னைப் பலகையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அலை உடைகிற இடத்தைத் தாண்டித் தள்ளிக்கொண்டே போனாள். அங்கே சத்தம் இல்லை. மேலும் கீழும் தொட்டில் மாதிரி ஆட்டம், அவ்வளவுதான். வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தவன் அங்கே பலகையில் தலையைச் சாய்த்துக்கொண்டேன்.

"அங்கே பாருங்க" என்றாள். கரையைப் பார்த்தேன். மனுஷர்கள் எறும்பு மாதிரி, வீடுகள் தீப்பெட்டி மாதிரி. ஒன்றும் தெரியவில்லை, கம்பியில் கட்டின மஞ்சள் துண்டு மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

"இங்கேருந்து உங்க முகம் தெரியாது. அந்த மஞ்சள்தான் தெரியும். தண்ணி நம்மளை அறியாம பக்கவாட்டுல இழுத்துட்டுப் போயிடும்ங்க. அது எனக்கு நேரா இருக்கான்னு பார்த்துக்கிட்டேதான் இருப்பேன். நேரா இல்லைன்னா தள்ளி வருவேன்."

"அப்போ அன்னிக்கு?"

"அன்னிக்கு நீங்க இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினீங்க. நானும் பின்னாடியே போனேன். இந்த மனுஷனுக்கு என்ன ஆச்சு, எங்கே போறாருன்னு எனக்கு ஈரக்குலையே நடுங்கிடுச்சு."

கண்ணில் உப்புத்தண்ணீர் பட்டுவிட்டது. கடல் என்றால் படத்தானே செய்யும்.

பசை இளகவில்லை. என் வேலையாச்சே, எப்படி இளகும். கரையில் வாத்தியார் கத்தி வைத்துத் தையலோடு பிரித்தார். ஒரு வாளி வியர்வை கொட்டியது. கோடு போட்ட உள்டவுசரோடு நான் நிற்க, வகுப்பே கைதட்டியது. அந்த மீசைக்காரர் கம்பியிலிருந்து மஞ்சள் துண்டை அவிழ்த்து ஓடிவந்து எனக்குப் போர்த்தினார். பதிலுக்குப் பதில்.

இவ்வளவு அவமானத்துக்கும் காரணம் யார் என்று நீங்களே சொல்லுங்கள். இந்த வயதில் பலகையில் ஏறுகிறவளா, அவளுக்கு நல்லது நினைத்தவனா? ஆகவே, நீங்கள் மூத்தவர், தலைமையாசிரியர். இந்தக் கடிதம் கிடைத்த கையோடு பிரம்பு இல்லாவிட்டாலும் குரலையாவது எடுத்துக்கொண்டு வந்து, கடல் வேண்டாம் என்று உங்கள் தங்கைக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவள் உங்கள் பேச்சைச் சின்ன வயசிலிருந்தே கேட்டதில்லை என்பது தெரியும். என் பேச்சையும் கேட்பதில்லை. இரண்டு பேராகச் சொல்லிக் கேட்காமல் போனால் ஒரு துணையாவது இருக்கும்.

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டுக் குழாய்கள் சொட்டாமல், கூரை ஒழுகாமல், நீங்கள் எல்லோரும் நீண்ட ஆயுளோடு காய்ந்த தரையில் வாழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாப்பிள்ளை
(கையெழுத்து என்னுடையதே)

பின்குறிப்பு: இதை எழுதி முடிக்கவே இத்தனை நாள் ஆகிவிட்டதால் மேலே சொன்னது எதுவும் இப்போது செல்லாது. யாரையும் கண்டிக்க வேண்டாம். கடைக்காரம்மாவிடம் மறுபடி போய் உண்மையைச் சொல்லி, நாலு மில்லியில், தையல் நன்றாக ஒட்டினது, உங்கள் தங்கை குந்தி எழுந்து கையை வீசிப் பார்த்து ஒப்புக்கொண்டது ஒன்று வாங்கினோம். பக்கத்திலேயே இன்னொன்று தொங்கியது. அதற்குள்ளும் ஒருவர் குந்தி எழுந்து பார்த்தார். அதையும் வாங்கினோம். ஒழுகுகிறது. ஒழுகட்டும், கொஞ்ச நேரத்தில் சூடாகிவிடுகிறது. அந்த ஐந்து மில்லியும் வீணாகவில்லை. வெட்டி வாஷர் செய்துவிட்டேன், தெருவில் பாதி வீட்டுக் குழாய் அதில்தான் நிற்கிறது, காசுக்கு ஏற்ற சரக்கு. இன்று காலை பலகைமேல் ஒரு தும்மல் போடுகிற நேரம் நின்றேன். அப்புறம் விழுந்தேன். உங்கள் தங்கை விசில் அடித்தாள்.

ஒரே ஒரு சங்கடம். இரண்டு பேரும் தண்ணீருக்குள் போய்விடுவதால் கரையில் மஞ்சள் துண்டுக்கு ஆள் இல்லை. கம்பியில் கட்டினால் காற்று சுருட்டிவிடுகிறது. மீசைக்காரரும் தண்ணீருக்குள்தான் இருக்கிறார். நீங்கள் பள்ளிக்கூடத்து மைதானத்தில், வெயிலானாலும் மழையானாலும், காலைக் கூட்டம் முடிகிறவரை இம்மி அசையாமல் நின்ற ஆள். உடனே புறப்பட்டு வாருங்கள், மச்சான். அறிவுரை எதுவும் கொண்டுவர வேண்டாம். துண்டைப் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் நின்றால் போதும், நாங்கள் உங்களைப் பார்த்துத் திரும்பி வந்துவிடுவோம்.